உள்ளவர்க்கே கொடுக்கப்படுமோ?

வெள்ளகோவிலில் மின்சாரம் நின்றால் இருளைவிட முந்திக்கொண்டு வருவது அமைதி. ஊரெங்கும் விசைத்தறிகள் இரவும் பகலும் எழுப்பும் ஓசைக்குப் பழகிய செவிகளுக்கு அந்த அமைதியே ஒரு பேரொலியாகக் கேட்கும். கடந்த கோடையில் ஒரு மாலை, திருப்பலி முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மின்சாரம் நின்றது. அருகில் அமர்ந்திருந்த இளைஞர், நெடுநேரமாக நெஞ்சில் அடக்கி வைத்திருந்த ஒரு கேள்வியை அந்த இருளின் துணையோடு கேட்டார்:

"ஏனுங்க சாமி, ஒருத்தர் பேரை எழுதாம விடறது பாவமுங்களா?"

அவர் கேட்டது ஒப்புரவு அருளடையாளத்தில் அன்று, திண்ணையில். இங்கே நாம் எழுதுவதும் அவர் இசைவு தந்த பிறகே. இதனை வாசகர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

அவர் தறி ஓட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். 2012ஆம் ஆண்டில் தமிழகம் கடுமையான மின்வெட்டில் தவித்தபோது பள்ளிச் சிறுவர். கொங்கு நாட்டுத் தறிகள் நாள்தோறும் பல மணி நேரம் நின்றன. நின்ற தறிக்குக் கூலி ஏது? தந்தை வாசற்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சிதான் தம்மை மின் பொறியியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று அவர் சொல்வதுண்டு. இன்று வெளிமாநிலத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறார். மின்தொகுப்பில் ஓரிடத்தில் நேரும் பழுது எவ்வாறு அடுத்தடுத்த இடங்களுக்குத் தாவுகிறது என்பதே அவருடைய ஆய்வு. அதற்குக் கருவியாக அவர் கையாளுவது வலைப்பின்னல் அறிவியல் என்னும் புதிய துறை.

இனி அவருடைய சிக்கல். சிற்றூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து திட்டப்பணிக்காக அந்த ஆய்வகத்திற்கு ஒரு மாணவி வந்திருந்தார். ஆறு மாதங்கள் துணைமின் நிலையங்களின் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, எந்தத் தடம் எந்நேரத்தில் நின்றது என்று தொகுத்துக் கொடுத்தவர் அவரே. அது மட்டுமன்று. பெரிய பழுதுகளுக்கு முன்னால் சிறிய தடங்களில் ஒருவகைத் தடுமாற்றம் திரும்பத் திரும்ப வருவதை முதலில் கண்டு சொன்னவரும் அவரே. கட்டுரை எழுதி முடித்தபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன: நம் இளைஞர், அவருடைய நெறியாளர், நெறியாளரின் நண்பரான வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். அந்தப் பேராசிரியர் வரைவை ஒருமுறை படித்துச் சில சொற்களைத் திருத்தியதோடு சரி. மாணவியின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. "அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்? பெரியவர் பெயர் இருந்தால்தான் நான்கு பேர் படிப்பார்கள். உன் எதிர்காலத்தை நினைத்துப் பார்" என்றாராம் நெறியாளர். இளைஞரும் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்தார், இசைந்தார். அன்று முதல் உறக்கம் போயிற்று.

நாம் உடனே விடை சொல்லவில்லை. "தம்பி, உங்கள் ஆய்வைப் பற்றி முதலில் சொல்லுங்கள்" என்றோம். விடை அந்த ஆய்வுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்று அப்போது நாம் எதிர்பார்க்கவில்லை.

முடிச்சுகளின் அறிவியல்

பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றிடையே இணைப்புகள் இருக்கின்றன. பொருள்களின் தன்மையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டும் பார்த்தால் என்ன தெரியும்? இதுவே வலைப்பின்னல் அறிவியலின் அடிப்படைக் கேள்வி. 1736இல் ஆய்லர் என்னும் கணித மேதை கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி எழுதியதில் இதன் விதை இருக்கிறது. ஆயினும் தனித் துறையாக இது தளிர்த்தது அண்மையில்தான். 1998இல் டங்கன் வாட்ஸ் என்னும் இளம் ஆய்வாளரும் அவருடைய ஆசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். திரைப்பட நடிகர்கள், ஒரு சிறு புழுவின் நரம்பு மண்டலம், அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்தொகுப்பு ஆகிய மூன்றையும் அவர்கள் ஒப்பிட்டனர். தொடர்பே இல்லாத இம்மூன்றிலும் ஒரே அமைப்பு காணப்பட்டது: அண்டை அயலார் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றனர், ஆனாலும் ஒரு சில குறுக்கு இணைப்புகளால் எவரும் எவரையும் சில படிகளிலேயே எட்டிவிடலாம்.

மின்தொகுப்பைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியா இருளில் மூழ்கியது நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடைப்பட்ட ஓர் உயர் அழுத்தத் தடம் அறுபட்டதில் அது தொடங்கிற்று. ஒரு தடம் சுமக்க வேண்டிய சுமை அடுத்த தடத்தின்மேல் விழ, அதுவும் தாங்காது விலக, வடக்கு மின்தொகுப்பே சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்னகம் அன்று தப்பியதற்குக் காரணம், நம் தொகுப்பு மற்றவற்றோடு அப்போது முழுமையாகப் பிணைக்கப்படாதிருந்ததே. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூரையும் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் தடத்தால் நாம் அவர்களோடு ஒன்றானோம். அன்றிலிருந்து அவர்கள் ஒளியில் நமக்குப் பங்குண்டு. அவர்கள் இருளிலும் பங்குண்டு.

இந்தத் துறையின் இன்னொரு கிளைக்கு நம்மவர் பங்களிப்பு உண்டு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின் பொறியியல் பயின்று, 1986இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர் பிரபாகர் ராகவன். ஆந்திரே பிராடரும் அவரும் உள்ளிட்ட எண்மர் இணைந்து 2000ஆம் ஆண்டில் இணையத்தின் வரைபடத்தை ஆராய்ந்தனர். 20 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களும் 150 கோடி இணைப்புகளும் அந்த ஆய்வில் அடங்கின. எல்லாரையும் எல்லாரோடும் இணைப்பது இணையம் என்று உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கண்டதோ வேறு. ஏதேனும் இரு பக்கங்களை எடுத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 24 மட்டுமே. நடுவே நெருங்கிப் பிணைந்த ஒரு மையம் இருக்கிறது. மையத்தை நோக்கிக் கைநீட்டும் பக்கங்கள் ஒருபுறம். அவற்றை நோக்கி மையத்திலிருந்து ஒரு கையும் நீளுவதில்லை. எவரோடும் சேராத தீவுகள் ஒருபுறம்.

இவ்விடத்தில் நம் எழுதுகோல் சற்று நின்றது. எண்மர் என்று சொல்லிவிட்டு இருவர் பெயரை மட்டுமே எழுதியிருக்கிறோம். எந்தக் கேள்வியை ஆராயப் புகுந்தோமோ அதே பிழையை நாமே செய்திருக்கிறோம். ரவி குமார், ஃபர்சின் மகுல், ஸ்ரீதர் ராஜகோபாலன், ரேமி ஸ்டாட்டா, ஆண்ட்ரூ டாம்கின்ஸ், ஜேனட் வீனர் ஆகியோர் மற்ற அறுவர். தெரிந்த பெயரைச் சொல்லித் தெரியாத பெயரை விடுவது எவ்வளவு இயல்பாக நிகழ்ந்துவிடுகிறது!

பெருத்தது பெருக்கும்

இந்த இயல்புக்கும் ஒரு கணக்கு உண்டு. வெள்ளகோவிலில் ஒருவர் புதிதாக நான்கு தறிகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாவு நூலை யாரிடம் வாங்குவார்? நெய்த துணியை யாரிடம் கொடுப்பார்? ஏற்கெனவே நூறு தறிக்காரர்களோடு தொழில் நடத்தும் வணிகரிடமே பெரும்பாலும் செல்வார். அதனால் அந்த வணிகரின் தொடர்பு நூற்றொன்றாகும். அடுத்து வருபவரை இழுக்கும் ஆற்றலும் அந்த அளவுக்குக் கூடும். பக்கத்தில் நாணயமான சிறு வணிகர் ஒருவர் இருந்தாலும் அவரை எட்டிப் பார்ப்பவர் சிலரே. 1999இல் ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசியும் அவருடைய மாணவியான ரேகா ஆல்பர்ட்டும் இந்த எளிய விதியைக் கொண்டே, இணையம் போன்ற வலைப்பின்னல்களில் ஒரு சில கணுக்கள் மட்டும் பேருருவம் கொள்வதை விளக்கினர். அவர்களுக்கு முன்பே டெரெக் பிரைஸ் என்னும் அறிவியல் வரலாற்றாசிரியர், ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் முறையை 1965இல் ஒரு வலைப்பின்னலாகக் கண்டார். ஏற்கெனவே பலரால் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையே மேலும் மேற்கோள் காட்டப்படுகிறது என்ற விதியை 1976இல் கணிதமாகவும் வகுத்தார்.

நம் இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்த விதியை அவர் ஏட்டில் ஆராய்கிறாரோ, அந்த விதியின் உள்ளேயே அவர் வாழ்கிறார். அவருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணியே நாளை அவருக்கு வேலை கிடைக்கும். மேற்கோள் வேண்டுமாயின் புகழ்பெற்ற பெயர் ஒன்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். "நெறியாளர் கெட்டவர் இல்லீங்க சாமி. விதி அப்படித்தான்னு எனக்கே கணக்குப் போட்டுக் காட்டத் தெரியும்" என்றார்.

இந்த விதிக்கு அறிஞர்கள் இட்ட பெயரைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மத்தேயு விளைவு! 1968இல் ராபர்ட் மெர்ட்டன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் அப்பெயரை இட்டார். உள்ளவருக்கு மேலும் கொடுக்கப்படும், இல்லாதவரிடமிருந்து உள்ளதும் எடுக்கப்படும் என்னும் கருத்துடைய, மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையின் முடிவுரையே அதற்கு மூலம். புகழ்பெற்ற அறிவியலாரும் புகழ்பெறாத ஒருவரும் சேர்ந்து செய்த பணியில், பெருமை முழுவதும் புகழ்பெற்றவரிடமே போய்ச் சேருகிறது என்று மெர்ட்டன் காட்டினார்.

இதில் ஒரு பின்கதையும் உண்டு. அக்கட்டுரைக்கு ஆதாரமான சான்றுகளில் பெரும்பகுதி, ஹாரியட் சக்கர்மன் என்னும் பெண்மணி தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக நோபெல் பரிசு பெற்றவர்களை நேர்கண்டு திரட்டியவை. கட்டுரை வெளிவந்ததோ மெர்ட்டனின் பெயரில் மட்டும். 1973இல் அதனை மறுபதிப்புச் செய்தபோது, அது இருவர் பெயராலும் வந்திருக்க வேண்டியது என்று மெர்ட்டனே ஒப்புக்கொண்டார். மத்தேயு விளைவைக் கண்டு சொன்ன கட்டுரையே மத்தேயு விளைவுக்கு எடுத்துக்காட்டாயிற்று. அறிவியலில் பெண்களின் பங்கு இவ்வாறு மறைக்கப்படுவதற்கு மார்கரெட் ரொசிட்டர் என்னும் வரலாற்றாசிரியர் 1993இல் மட்டில்டா விளைவு என்று தனிப்பெயரே இட்டார்.

விதியா, கட்டளையா?

ஆகவே கேள்வி இப்படி வந்து நிற்கிறது: உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்றால், அதன்படி நடப்பது எப்படிக் குற்றமாகும்? நற்செய்தியே அதைச் சொல்லியிருக்கும்போது!

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எது நிகழ்கிறது என்று சொல்வது ஒன்று. எது நிகழ வேண்டும் என்று சொல்வது வேறு. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது உண்மை. அதற்காக வயலைப் பள்ளத்தில் வைத்திருப்பவருக்கே தண்ணீர் உரியது என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மேட்டு நிலத்திற்கும் நீர் செல்ல வேண்டும் என்றுதான் மனிதர் வாய்க்கால் வெட்டினர். வலைப்பின்னல் அறிவியல் கூறும் விதி ஆயிரமாயிரம் மனிதரின் தேர்வுகளைக் கூட்டிப் பார்த்தபின் தெரியும் தோற்றம். ஒவ்வொரு தேர்வையும் செய்தவர் தனி மனிதர். கூட்டுத்தொகையைக் கணிக்க முடிகிறது என்பதால், கூட்டப்பட்ட ஒவ்வொருவரின் உரிமையும் பொறுப்பும் கரைந்துவிடுவதில்லை.

"நான் ஒருத்தன் மாறினா விதி மாறிடுமுங்களா?" என்று இளைஞர் கேட்டார். மாறாது. ஆனால் அந்த மாணவிக்குக் கடன்பட்டவர் உலக வலைப்பின்னல் அன்று, அவர். புனித தோமா அக்குயினா நீதியை விளக்கும்போது, அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதி என்ற பழைய இலக்கணத்தை ஏற்றுக்கொள்கிறார். உலகம் அதனால் எவ்வளவு திருந்திற்று என்னும் அளவுகோல் அங்கே இல்லை. நாள் கூலியை ஒருவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர், நாட்டின் வறுமை இந்தக் கூலியால் தீராது என்று சொல்லித் தப்ப முடியுமா? பெயரும் ஒரு கூலியே. ஆய்வுலகில் வேறெந்தக் கூலியும் பெறாத மாணவிக்கு அது ஒன்றே கூலி. அதைக் கொடுப்பது இரக்கமும் அன்று, பெருந்தன்மையும் அன்று, கடனைத் தீர்ப்பது.

அப்படியானால் பெரிய பெயர்களின் நிழலில் ஒதுங்குவதே தவறா? அவ்வாறு சொல்வதும் பொருந்தாது. நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜனை நினைப்போம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் ஹார்டியின் கண்ணில் பட்டிராவிடில், அவருடைய குறிப்பேடுகளை உலகம் அறிந்திருக்குமா? ஹார்டி தம்முடைய தொடர்புகள் அனைத்தையும் அவருக்குக் கடனாகக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து 1918இல் வெளியிட்ட கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கின்றன. பெரிய கணு ஒன்று சிறிய கணுவைத் தூக்கிவிட முடியும் என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டா. நம் இளைஞரின் கட்டுரையில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. உழைக்காத பெரியவர் பெயர் ஏறிற்று. உழைத்த சிறியவர் பெயர் இறங்கிற்று.

இனி உவமைக்கு வருவோம். மெர்ட்டன் எடுத்துக்கொண்டது அதன் இறுதிப் பகுதியில் உள்ள ஒரே வசனம். அதைத் தனியே பிடுங்கி எடுத்தால், இருப்பவனுக்கே சாதகமான கடுமையான கணக்காகத் தோன்றும். முழுவதையும் படிப்போர்க்கு வேறு சில தெரியும். ஐந்து தாலந்து பெற்றவனும் இரண்டு தாலந்து பெற்றவனும் தலைவரிடம் பெற்ற பாராட்டு ஒன்றே. சொல்லுக்குச் சொல் ஒன்றே. எவ்வளவு சேர்த்தான் என்ற எண் அங்கே எடுபடவில்லை. மூன்றாமவன் தண்டிக்கப்பட்டது குறைவாகப் பெற்றதற்காகவும் அன்று. நம்பி ஒப்படைக்கப்பட்டதை அச்சத்தினால் மண்ணில் புதைத்ததற்காகவே.

இங்கே நம்மைத் தடுத்து நிறுத்திய எண்ணம் ஒன்று உண்டு. தன் தாலந்தைத் தானே புதைத்தவனைப் பற்றி உவமை பேசுகிறது. பிறருடைய தாலந்தைக் குழிதோண்டிப் புதைத்தவன் அதில் வரவேயில்லை. தன்னுடையதைப் புதைத்தவனுக்கே அந்த முடிவு என்றால், இவனுக்கு என்ன முடிவு? அதுவும் அவன் புதைக்கும் காரணம் அதே அச்சம்தான்: வேலை கிடைக்காதோ, பெரியவர் சினப்பாரோ, பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சம்.

அதே அதிகாரம் அந்த வசனத்தோடு முடிவதுமில்லை. உவமை முடிந்த உடனேயே இறுதித் தீர்ப்பின் காட்சி தொடங்குகிறது. பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையிலிருப்பவர் என்று, எந்த வலைப்பின்னலிலும் ஓரத்தில் கிடப்பவர்களை ஆண்டவர் ஒவ்வொருவராக எண்ணுகிறார். அவர்களைத் தேடிச் சென்றீர்களா என்பதே அங்குக் கேட்கப்படும் ஒரே கேள்வி. மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி நீண்ட கைகளை அரசர் கணக்கெடுக்கிறார். அறிஞர் உலகம் மத்தேயுவின் பெயரை ஒரு வசனத்திற்கு வழங்கிவிட்டது. அதே மத்தேயு அதற்கடுத்து எழுதியதை நினைவூட்டுவது நம் கடமை.

நம் பதிவேடு

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, மறையுரை நன்றாக அமைந்துவிட்டது என்ற நிறைவு நமக்குள் எழுந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. மின்சாரம் திரும்பி வந்தது. திண்ணைக்கு எதிரே ஆலயச் சுவரில் பதித்த சலவைக்கல் விளக்கொளியில் பளிச்சிட்டது. ஆலயத்தைப் புதுப்பித்தபோது பதித்த கல். ஆயரின் பெயர் இருக்கிறது. நம் பெயர் இருக்கிறது. நன்கொடை அளித்தோர் பெயர்கள் தொகையின் வரிசையில் இருக்கின்றன. வெயிலில் நின்று கட்டிய கொத்தனார் பெயர் இல்லை. கலவை சுமந்த சித்தாள்களின் பெயரும் இல்லை. இளைஞரும் அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நம் நாட்குறிப்பைப் புரட்டினோம். ஓராண்டில் நாம் சென்ற இல்லங்களைக் கணக்கிட்டோம். காப்பி கொடுத்து நாற்காலி இட்டு வரவேற்கும் அதே நான்கைந்து வீடுகளின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இந்த வட்டாரத்து ஆலைகளில் உழைக்கும் இளைஞர் சிலர் ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்று திருப்பலியில் பங்கேற்கின்றனர். மொழி தெரியாதபோதும் முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிடுகின்றனர். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தோம். தெரியவில்லை. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பார் என்று எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்! எவருடைய பெயரையும் அழிக்க வேண்டும் என்று நாம் நினைத்ததே இல்லை. பழகிய தடத்தில் கால்கள் சென்றன, அவ்வளவுதான். ஆனால் பராபாசியும் பிரைஸும் சொன்ன விதி இயங்குவதற்கு எவருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லையே. பழகிய தடத்தில் செல்லும் கால்களே போதும்.

அன்பியக் கூட்டங்களில் யார் எழுந்து பேசுகிறார்? பங்குப் பேரவைக்கு யார் பெயர் முன்மொழியப்படுகிறது? திருவிழாவில் தேருக்கு முன்னே யார் நடக்கிறார்? சென்ற ஆண்டு நடந்தவரே. வாசகர்கள் தத்தம் பங்குகளில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விடை பெரிதும் வேறுபடாது என்றே எண்ணுகிறோம்.

அறுந்த இழை

அந்த இளைஞருக்கு உறுதி தந்தது நம்முடைய விளக்கமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து விடைபெற வந்தபோது அவரே சொன்னார். தந்தையிடம் தயங்கித் தயங்கி இதைக் கூறியிருக்கிறார். கட்டுரை, மேற்கோள் என்பவை தந்தைக்கு விளங்கவில்லை. பெயரை விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் விளங்கியிருக்கிறது. தறியை நிறுத்தாமலே அவர் சொன்னாராம்: "பாவுல ஒரு இழை அறுந்தா தறிய நிறுத்தி முடிச்சுப் போடோணும். அரை நிமிசம் போகுதேன்னு அப்படியே ஓட்டினா துணி வந்துட்டுத்தான் இருக்கும். ஆனா அந்தக் கோடும் கூடவே வந்துட்டு இருக்கும்."

இளைஞர் திரும்பிச் சென்று நெறியாளரிடம் பேசினார். அந்தப் பேச்சு எளிதாக இருக்கவில்லை. பரிசீலனைக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்று, மாணவியின் பெயரைச் சேர்த்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. வெளிநாட்டுப் பேராசிரியர் தம் பெயரைத் தாமே நீக்கிக்கொள்ளச் சொன்னாராம். அவர் முன்பே கேட்கப்பட்டிருந்தால் முன்பே மறுத்திருப்பார் போலும். இதை எழுதும் இன்றுவரை கட்டுரை ஏற்கப்பட்டதாகச் செய்தி இல்லை. உதவித்தொகை முடியும் காலம் நெருங்குகிறது. நெறியாளர் முன்போல் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தார். நேர்மையாக நடந்தவருக்கு உடனே நன்மை விளைந்தது என்று எழுதிக் கட்டுரையை முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவே. அத்துடன் அவருக்கு உறக்கம் திரும்பியது என்பதும் நடந்ததே.

பெயர் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு எழுதிவிட்டு, இளைஞர், மாணவி, தறியோட்டும் தந்தை ஆகிய மூவர் பெயரையும் மறைத்துவிட்டீர்களே என்று வாசகர் கேட்கலாம். ஒருவரைக் காக்கும் பொருட்டு அவர் பெயரை மறைப்பதும், அவருக்குரியதை எடுத்துக்கொள்ளும் பொருட்டு மறைப்பதும் செயலால் ஒன்றாகத் தோன்றினாலும் நோக்கத்தால் வேறானவை. அவர்கள் விருப்பப்படியே மறைத்தோம். இக்கட்டுரையில் நல்லதாக ஏதேனும் இருந்தால் அது அவர்களுடையது.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாம் கடைசி வரிசைக்குச் சென்றோம். நமக்குத் தெரிந்த இந்தி மிகக் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த தமிழ் அதனினும் சற்று அதிகம். ஏழு பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டோம். உச்சரிப்பில் நாம் செய்த பிழைகளைத் திருத்தி, திரும்பச் சொல்லச் செய்து, அவர்கள் சிரித்தனர். அந்த ஏழு பெயர்களையும் இந்த வாரம் முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். வரும் ஞாயிறு பிழையின்றிச் சொல்ல வேண்டும்.